மூன்றாவது துண்டு

காலையில் புகார்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிடுவேன். வெறும் வயிற்றில் அந்தக் கையெழுத்துகளைப் படிக்க முடியாது. நல்லூரில் நானூறு பேர் வேலை செய்யும் கம்பெனி. கைக்குழந்தைகளுக்கான உடைகள் தைக்கிறோம். ஆட்களைச் சமாளிப்பது என் பொறுப்பு. ஃபேன் சுற்றவில்லை, சாம்பாரில் பருப்பு இல்லை என்று எழுதுவார்கள். சொந்த ஊரில் எந்த ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார்களோ.

புகார் சொல்ல வருகிறவர்களிடம் நான் கோபப்பட்டதே இல்லை. உட்காரச் சொல்வேன். பிறகு ஒன்றும் பேச மாட்டேன். இரண்டு நிமிட மௌனத்தை இவர்களால் தாங்க முடியாது. "ஒண்ணுமில்லீங்க சார், சும்மா சொன்னேனுங்க" என்று தாங்களே எழுந்து போவார்கள்.

விஜயராணி அப்படிப் போகவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று முதலில் எழுதினாள். அடுத்து, சூப்பர்வைசர் சரவணக்குமார் தோளில் கை வைக்கிறான் என்று. இரண்டிலும் பெயரையும் போட்டிருந்தாள்; மற்றவர்களுக்கு இருக்கும் கூச்சம்கூட இல்லை. தையலிலிருந்து எடுத்து ஒரு வாரம் பேக்கிங்கில் நிற்க விட்டேன். நின்றாள். மெஷினுக்குத் திரும்பிய அன்று பெட்டியில் மூன்றாவது காகிதம் கிடந்தது. மேலே அவள் பெயரைப் பார்த்ததும், மடிப்பைப் பிரிக்காமலே ஃபைலில் போட்டேன்.

மறுநாள் அவள் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் அத்தனையையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் புது ஊசி தருவோம்; துணிக்குள் ஒன்று தங்கிவிடக் கூடாது. மூன்று துண்டுகளை என் மேசையில் வைத்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட அவள் குனிந்தபோது, முனைத் துண்டை டிராயருக்குள் தள்ளிவிட்டேன்.

"ரெண்டுதான் இருக்குது கண்ணு. மூணாவது எங்க போச்சு?"

அவள் தையல் வரிசையையே நிறுத்தித் தேடவிட்டேன். நாற்பது பேர் அவளைத் திட்டிக்கொண்டே துணியை உதறினார்கள். கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"மூணையும் ஒங்க மேசைலதான் வச்சேன் சார். ஒங்களுக்கே தெரியும்."

நான் பேசாமல் இருந்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டவன் நான்தான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

டீ இடைவேளையில், அவள் தைத்த கட்டிலிருந்து ஓர் உடையை எடுத்து, கழுத்துப் பட்டியின் தையலுக்குள் அந்த முனையைச் செருகினேன். பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. அது கத்தும், துண்டைத் தொலைத்தவள் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும், வேலையை விட்டுப் போவாள். என் நோக்கம் அவ்வளவுதான்.

மெஷின் கத்தவில்லை. டிடெக்டரைத் தாண்டிய பெட்டிகளைப் பிரித்துத் தேடச் சொல்லியிருந்தால், துண்டு அதற்குள்தான் இருக்கிறதென்று உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். இரண்டு நாள் பெட்டிகள் என் ஜன்னலுக்கு நேரே அடுக்கியிருந்தன. பிறகு லாரியில் ஏறின. துண்டைத் தொலைத்ததற்காக அவளை அனுப்பிவிட்டேன்.

விசாரிக்க வந்த நீங்கள், அந்த உடையைப் போட்டது எட்டு மாதக் குழந்தை என்றீர்கள். கழுத்துப் பட்டியைச் சப்பும் வயது. முனை தொண்டைக்குள் போனது, பிழைக்கவில்லை என்றீர்கள். கேட்டுக்கொண்டேன்.

அவளுடைய மூன்றாவது காகிதத்தையும் நீங்கள்தான் பிரித்து வாசித்துக் காட்டினீர்கள். முக்கால் பக்கம் பழைய தாழ்ப்பாளும் சரவணக்குமாரும். கடைசி வரியில்தான், பேக்கிங்கில் ஊசி பார்க்கிற மெஷின் ஒரு வாரமாகக் கத்துவதில்லை, விளக்கு மட்டும் எரிகிறது, பச்சைப் பிள்ளைகள் போடுகிற துணி சார் என்று இருக்கிறது.

அதை அவள் முதல் வரியில் எழுதியிருக்கலாம்.