ஃபார்மட் மட்டும் வேணாம்

இல்ல தம்பி, ஃபார்மட் மட்டும் வேணாம், எல்லாம் அழிஞ்சிரும். ரிங்லெட் கம்ப்யூட்டர் கடையிலயும் அதையேதான் சொன்னாங்க, அதான் பஸ் ஏறி பிரிஞ்சாங்ல உங்க கடை வரைக்கும் வந்தேன்.

லேப்டாப்ப யாரு கழட்டுனதா? எங்க வீட்டுக்காரருதான், வேற யாரு. தேயிலை பேக்டரியில டிரையர்ல வேலை அவருக்கு. இந்த மழைக்கு லைன் வீட்டுல சுவரே வேர்க்குது, ஈரம் ஏறி லேப்டாப் ஆன் ஆகல. மனுசன் என்ன பண்ணாரு, கொண்டுபோயி டிரையர் ஓரத்துல காய வச்சுட்டாரு. நாங்க எல்லாரும் அப்படித்தான் லா, ரெயின்கோட்டுல இருந்து காலுக்குப் போடுற ஸ்கூல் சப்பாத்து வரைக்கும் அங்கதான் காயும். இதோட மூடியே வளைஞ்சுபோச்சு. அப்புறம் உள்ள இருந்த ஹார்ட் டிஸ்க்க மட்டும் உருவி, எஸ்டேட் ஆபிஸ் கிராணி லியோனார்ட் குடுத்த பழைய லேப்டாப்புல சொருகினாரு. அது வேற கம்பெனி, வேற மாடல். நீலமா ஒரு பக்கம் வருது, அணையுது, மறுபடி நீலம். நாலு நாளா எனக்கு சோறு எறங்கல. புத்திகெட்ட மனுசன்னு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன், பாவம்.

ஒரே ஒரு வீடியோதான் வேணும். எம்மக சசிரேகா பொறந்தப்ப எடுத்தது. பதினேழு வயசாச்சு, இன்னும் ஐசி இல்ல, அடையாள கார்டே இல்ல. அது இல்லாம எந்தக் காலேஜும் எடுக்காது. திங்கக்கிழமை ஐசி ஆபிசுக்குக் கூப்பிட்டிருக்காங்க, அந்த வீடியோவக் கொண்டான்னுட்டாங்க. காட்டலன்னா ஃபைல மூடிருவாங்க, எம்புள்ள கதை அவ்வளவுதான். வேற காப்பியா? எடுத்த போன் எப்பவோ செத்துப்போச்சு.

என்ன சொல்றீங்க, விண்டோஸ் ஏறவே வேண்டியதில்லையா? லேப்டாப் மாறினதாலதான் ஏறலையா, உள்ள இருக்கறது அப்படியே இருக்குமா? வயர் போட்டு உங்க கம்ப்யூட்டர்ல மாட்டினாப் போதுமா? மாட்டுங்க தம்பி.

அதுதான், சசின்னு போட்டிருக்கு பாருங்க. தொறந்துருச்சா? முருகா, நீ நல்லா இருக்கணும் தம்பி.

ஓட விடுங்க. இல்ல இல்ல, சத்தத்தக் கொறச்சுட்டு விடுங்க. ஸ்கிரீனயும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, சசி வாசல்லதான் நிக்கிறா. ஆமா, தன் ஐசியக் கையில புடிச்சுக்கிட்டு, புள்ளைய எங்களுக்குக் குடுக்கறேன்னு பேசுதே, அந்தப் பொம்பளதான். நான் இல்ல தம்பி. அவதான் பெத்தது. நீலாவதின்னு பேரு. புள்ளைய எங்கிட்ட குடுத்த நாலாம் மாசமே செத்துட்டா. சசிக்கு இது தெரியாது, லேட்டாப் பதிஞ்சதால ஐசி வரலன்னுதான் சொல்லி வச்சிருக்கோம்.

பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை ஆபிசுல சசியையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் போட்டுப் பாப்பாங்களாம்.