பள்ளத்து வாசலில் எரியாத பச்சை விளக்கு

சாட்சி எண் 3. பெண், வயது 43. துகள் மோதல் ஆய்வுக்கூடத்தில் உணர்கருவி வடிவமைப்பாளர். ஆய்வுக்கூடக் குடியிருப்பு இரண்டாம் மாடியில் கணவர், மகளுடன் குடியிருந்து வருகிறேன்.

துகள்கள் மோதிச் சிதறுவதை அளக்கும் கருவியை வடிவமைப்பது என் வேலை. அதன் நடுவே திரவ ஆர்கான் நிரப்பிய பெரிய தொட்டி உண்டு. ஆர்கானுக்கு நிறமோ மணமோ கிடையாது. கசிந்தால் காற்றைவிடக் கனமாகக் கீழே தங்கிவிடும். ஆகவே தொட்டிக்கு அடியில் உள்ள பள்ளத்தில், பிராணவாயு குறைந்தால் அலறும் அலாரம் இருக்கிறது. காற்று சரியாக இருந்தால் பள்ளத்து வாசலில் அதே அலாரத்தின் பச்சை விளக்கு எரியும்.

கடந்த செவ்வாய் காலை பத்து மணிச் சோதனையில் திரையில் மின் இரைச்சல் வந்தது. துகள் தரும் துடிப்பு மிகச் சிறியது, இரைச்சல் அதை விழுங்கிவிடும். எங்கள் வழக்கப்படி அருகிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஏழாவதைப் பிடுங்கியதும் கோடு சுத்தமானது. அது அலாரத்தின் பிளக் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அப்படி ஒரு கோட்டுக்குத் தவம் கிடந்தவள் என்பதால், பத்தே நிமிடம் என்று எண்ணி அப்படியே விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு, நாங்கள் பைப் மாமா என்று கூப்பிடும் குழாய்ப் பொருத்துநர் வால்வு ஒன்றை இறுக்க வந்தார். "கண்ணுக்குத் தெரியாததப் பிடிக்க இவ்ளோ பெரிய அண்டாவாம்மா?" என்று வழக்கம்போல் கிண்டல் செய்துவிட்டு இறங்கினார். அதன் பிறகு ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது குப்புறக் கிடந்தார். ஆளைக் கூப்பிடாமல் முதலில் ஓடிப்போய்ப் பிளக்கைத்தான் சொருகினேன். அலாரம் அலறியது. அதன் பிறகே மற்றவர்கள் சுவாசக் கவசத்துடன் ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். இன்றுவரை அவர் கண் விழிக்கவில்லை.

அலாரம் தாமதமாக அடித்தது என்று, அதைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியனை நீங்கள் உட்கார வைத்திருப்பதைக் காவல் நிலைய வராந்தாவில் பார்த்தேன். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

மேற்கண்டதைப் படித்துக் காட்டியபோது, ஒன்றை மறைத்துவிட்டதாகக் கூறிச் சேர்க்கச் சொன்னேன். இறங்கும் முன் மாமா வாசலில் நின்று, "பச்சை லைட் எரியலையேம்மா?" என்று கேட்டார். "பல்பு போயிருக்கும் மாமா, எறங்குங்க" என்றேன். அவர் கண் விழிக்காமல் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. விழித்தால் முதலில் என்ன சொல்வாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

இதில் உள்ளது முழுவதும் நானாகச் சொன்னது, உண்மை.

(ஒப்பம்)