மூன்று மணி நாற்பது நிமிடத்தில் வடிந்த தண்ணீர்

ஐயா,

முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். கூட்டக் குறிப்பு எழுதிப் பழகிய கை, அங்கிருந்துதான் தொடங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. எங்கள் செந்தாழை கார்டன் பூங்காவில், மழைத்தோட்டத்தின் கரையில் நாற்காலி போட்டிருந்தது. சங்கத் தலைவர் பஷீர் பாய் நடுவில், விருதுக் கல்வெட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். உக்கடத்தில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கூட்டத்துக்கு வரும்போதும் நகத்தில் ஏதாவது ஒரு கலர் ஒட்டியிருக்கும். அவருக்கு வலப்பக்கம் செயலாளராகிய நான், குப்புராஜ், மடியில் மினிட் புத்தகத்தோடு. இடப்பக்கம் ஒன்பதாம் நம்பர் வீட்டு சுரேந்தர். எதிரில் மழைத்தோட்டத்தை வடிவமைத்துக் கொடுத்த இன்ஜினியர் மதிவதனி. மற்ற வீட்டுக்காரர்கள் பதினேழு பேர் அரைவட்டமாக. தோட்டக்காரர் காளிச்சாமி வேப்பமரத்தடியில் நின்றார். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. உட்காரவில்லை. எல்லோர் காலடியிலும் வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும், பலர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். உளுந்து வடையும் டீயும் கொடுத்தோம். வடை நன்றாக இருந்தது.

பொருள் ஒன்றே ஒன்று. மதிலுக்கு அந்தப்புறம் பள்ளத்தில் இருக்கும் கீழ்க்காலனியில் இருபத்து மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒருவர் இறந்துவிட்டார். அது காளிச்சாமியின் மனைவி பாவாத்தாள். எங்கள் மழைத்தோட்டத்து வடிகட்டியைக் காளிச்சாமி கவனிக்காமல் விட்டதுதான் காரணமா, அவரை வேலையை விட்டு நீக்கிப் போலீசில் எழுதிக் கொடுப்பதா என்பதுதான் பேச்சு.

மழைத்தோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கடிதம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும். காரமடைப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் கேள்விக்குப் பத்துக்கு ஒன்பதுக்குக் குறையாமல் வாங்கியவன் நான்.

ஐப்பசி மழை பெய்தால் எங்கள் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பஷீர் பாய் ஒரு தடவை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க குப்புராஜண்ணா, சங்கத்துல ஒரு பரிசல் வாங்கிப் போடலாங்களா?" என்றார். அந்தச் சிரிப்பில் பிறந்த திட்டந்தான் இது. பூங்காவின் நடுப்பகுதியை மூன்றடி பள்ளமாக்கி, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டு, நாலு தெருத் தண்ணீரும் அங்கே வந்து சேரும்படி செய்தோம். ஆழமான இடத்தில் ஒரு குழி. அந்தக் குழியின் நடுவில், எப்போதோ வற்றிப்போன எங்கள் பழைய போர்வெல். குழி நிறையக் கூழாங்கல், அதன் மேல் அடுப்புக்கரி, அதன் மேல் மணல். தண்ணீர் இத்தனையையும் தாண்டிச் சுத்தமாகிப் பூமிக்குள் இறங்க வேண்டும். வடிவமைத்தது மதிவதனி. நல்ல பெண். சிரிக்காமல் வேலை செய்யும், அது ஒன்றுதான் குறை.

புரட்டாசியில் முதல் மழை. வாட்ச்சைப் பார்த்துக் குறித்தேன். தண்ணீர் வடிய ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆனது. "மணல் ஊடாப் போறதுக்கு அவ்வளவு நேரம் ஆகத்தானுங்க சார் வேணும்," என்றாள் மதிவதனி. எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நாள் தேங்கினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? சொன்னார்கள். சுரேந்தர் வாட்ஸ்அப்பில் 'குப்புராஜ் கொசுப்பண்ணை' என்று போட்டான். நாற்பது பேர் சிரித்த படம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பசுமைக் குடியிருப்புப் போட்டிக்கு அதே வாரம் விண்ணப்பம் வந்தது. அதில் ஏழாவது கேள்வி: மழை நின்றபின் எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வடிகிறது? கட்டம் சின்னது. அதில் ஐம்பத்திரண்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

காளிச்சாமி தன் மகளின் பிரசவத்துக்காகக் காங்கேயம் போய் பத்து நாள் இருந்தார். அந்தச் சமயத்தில் வெளியூர் ஆள் இரண்டு பேரைக் கூப்பிட்டு மணலையும் கரியையும் அள்ளி மதிலோரம் கொட்டச் சொன்னேன். கூழாங்கல் அழகாக இருந்தது, வீணாக்க மனம் வரவில்லை. கழுவிக் கரையில் பரப்பச் சொன்னேன். போர்வெல் குழாயைச் சுற்றியிருந்த வலையைப் பிரித்து, மூடியை நானே கழற்றினேன். குழிக்கு மேல், தண்ணீர் இறங்க ஓரத்தில் மட்டும் சந்து விட்டு, சிமெண்ட் பலகை போட்டுப் பூட்டினேன். கூட்டத்தில் எல்லோரும் ஜில்லென்று கால் வைத்திருந்தது அந்தக் கல்மேல்தான்.

காளிச்சாமி வந்ததும், "புது மாடல் போட்டிருக்குதுங்க காளிச்சாமி, இனி நீங்க குழியைத் தொட வேண்டியதில்ல," என்றேன். "வேல கொறஞ்சா நல்லதுதானுங்க," என்று சிரித்தார்.

ஐப்பசியில் அடித்துப் பெய்தது. தண்ணீர் குபுகுபுவென்று போர்வெல்லுக்குள் நேராக இறங்கிய சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், மறக்க முடியாது. மூன்று மணி நாற்பது நிமிடம். தெருவே குடையோடு வந்து நின்று கைதட்டியது. சுரேந்தர்கூட "அண்ணா, மாஸுங்கண்ணா," என்றான். கார்த்திகையில் விருது வந்தது. கல்வெட்டில் என் பெயர் மூன்றாவது வரி.

இங்கே ஒரு சிறு விவரம். எங்கள் தெருவில் பதினொரு வீட்டுச் செப்டிக் டேங்குகள் நிறைந்தால் வழிகிற குழாய், மழைநீர் வாய்க்காலில்தான் சேர்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பட்டியல் என்னிடம் இருக்கிறது. வீட்டு எண் வரிசையில் முதலாவது என்னுடையது. அந்தக் குழாய்களை மழைக்கு முன்பே அடைக்க வேண்டும் என்று மதிவதனி கடிதம் எழுதியிருந்தாள். நல்ல கடிதம். வந்த கடிதப் பதிவேட்டில் இன்வர்டு எண் போட்டு, 'பார்வையிடப்பட்டது, கோப்பில் வைக்கவும்' என்று எழுதி வைத்தேன். விருதுக்குப் பிறகு இரண்டாவது கடிதம்: இந்த மண்ணில் மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வடிய வழியில்லை, குழியைத் திறந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று. அதற்கும் எண் போட்டேன். எங்கள் சங்கத்தில் ஒரு கடிதமும் தொலைந்ததில்லை.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். கீழ்க்காலனியில் ஆறு வருசமாகக் காற்று மட்டும் வந்த அடிபம்பில் தண்ணீர் வந்தது. ஐயா, அந்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பார்த்தீர்கள். பிள்ளைகள் பம்பைப் பிடித்துத் தொங்கின. பாவாத்தாள் மதிலோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க சாரு, உங்க புண்ணியத்துல பூமிக்குள்ள தண்ணி வந்துபோச்சுங்க. வந்து ஒருக்கா பம்ப அடிச்சுப் பாருங்க." எனக்கு வேட்டி அழுக்காகும் என்று போகவில்லை. மறுநாள் அவளே ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னாடையும் போட்டார்கள், ஊதாக் கலர். காளிச்சாமி அன்றைக்கு முழுக்க, "எங்க ஐயா, எங்க ஐயா," என்று யாரிடமாவது என்னைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தண்ணீர் நம் தண்ணீர்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஆசைப்பட்டேன். மில்லில் சாயக் கிடங்குப் பொறுப்பாளனாக முப்பது வருசம் இருந்தவன். வீட்டில் சிவப்புச் சாயம் ஒரு பொட்டலம் கிடந்தது. அடுத்த மழையில் குழிக்குள் தூவினேன். மூன்றாம் நாள் பாவாத்தாள் ஒரு சொம்போடு ஓடி வந்தாள்.

"சாரு, பம்புத் தண்ணி இளஞ்செவப்பா வருதுங்க. ஆத்தா குங்குமங்க. பூசாரியே சொல்லிப்போட்டாருங்க."

எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோசம். மூன்று நாள், முந்நூறு அடி. கணக்காக வந்திருந்தது. காலனியில் பம்புக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, தேங்காய் உடைத்தார்கள். அதற்குமுன் துணி துவைக்கவும் மாடு கழுவவும் மட்டும் இருந்த தண்ணீரை அன்றிலிருந்து குடிக்க ஆரம்பித்தார்கள். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் குடம் பிடிக்க ஆளே இல்லை. ஆத்தா கொடுத்த தண்ணீர் இருக்கும்போது அதெதற்கு என்றார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. அடுத்தவர் நம்பிக்கையில் கை வைப்பது என் வழக்கமில்லை. எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்தான், அது மனைவிக்குப் பழகிவிட்டது.

தை மாதம் கண்கள் மஞ்சளாயின. முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள், அதையும் அந்தத் தண்ணீரில்தான். பாவாத்தாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று ஆட்டோவுக்கு நான்தான் போன் செய்தேன். துக்கத்துக்கும் போனேன். மாலை பெரியதாக வாங்கினேன்.

சுகாதாரத் துறை ஆட்கள் பம்பைப் பூட்டிய பிறகு காலனியே மதிலோரம் திரண்டது. அப்புறந்தான் இந்தக் கூட்டம். சிமெண்ட் பலகையைத் தூக்கினார்கள். குழி காலி.

"கல்லு, மண்ணு எல்லாத்தையும் வித்துத் தின்னுபோட்டானுங்க," என்றான் சுரேந்தர். "கட்டுன பொண்டாட்டியவே கொன்னுபோட்டு நிக்கறான் பாருங்க."

பஷீர் பாய், "மெல்லப் பேசு கண்ணு, அவரு ஊட்டுல எழவு விழுந்திருக்குது," என்றார்.

காளிச்சாமி என்னைப் பார்த்தார். "ஐயாதானுங்க தொட வேண்டாம்னு சொன்னாங்க. ஐயாவையே கேளுங்க."

நான் மினிட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அப்படி உத்தரவு கொடுத்ததாக எழுத்தில் எதுவும் இல்லை என்றேன். அது உண்மை. எழுத்தில் இல்லை.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு, "ஐயா சொன்னாச் செரிங்க. நாந்தான் வெளங்காம உட்டுப்போட்டனோ என்னமோங்க," என்றார். அந்தப் பணிவை நான் குறிப்பில் பாராட்டி எழுதியிருக்கிறேன்.

மதிவதனி மட்டும் குனிந்து, காலடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். அடியில் அடுப்புக்கரி ஒட்டியிருந்தது. ஆட்கள் சரியாகக் கழுவவில்லை. "என்னோட ரெண்டு லெட்டரையும் கமிட்டில படிச்சீங்களா சார்?" என்றாள்.

"இன்வர்டு நம்பர் போட்டாச்சுங்க அம்மணி," என்றேன்.

கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சங்கத்தின் சொத்து, ஒன்று குறைகிறது.

பஷீர் பாய் நியாயஸ்தர். "அவசரப்பட வேண்டாமுங்க. ஒரு வாரம் பார்க்கலாம். யாருக்காச்சும் வேற விசயம் தெரிஞ்சா, விதி பதினொண்ணுப்படி எழுதிப் பூங்கா வாசப் பெட்டில போடட்டும். ஒண்ணும் வரலைன்னா திங்கக்கெழம காலைல செயலாளரே போலீசுக்குக் காயிதம் குடுத்துரட்டும்," என்றார். ஏகமனதாக நிறைவேறியது. தட்டில் இருந்த கடைசி வடையைக் காளிச்சாமிக்குக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டார்.

ஆக, விசயம் தெரிந்தவன் என்ற முறையில் எழுதிவிட்டேன். வடிகட்டியை எடுத்தவன் நான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தவன் நான். அதில் என்ன கலந்திருந்தது என்று பட்டியலே வைத்திருந்தவன் நான். காளிச்சாமி ஒரு தப்பும் செய்யவில்லை. பாவாத்தாள் சாவுக்குக் காரணம் நான்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. எழுதி முடித்ததும் மனசு, மழை விட்ட தெரு மாதிரிச் சுத்தமாக இருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குவேன்.

உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் இடத்தில் என் பெயர். பெறுநர் இடத்தில், விதி பதினொன்று சொல்கிறபடி, 'செயலாளர், செந்தாழை கார்டன் குடியிருப்போர் சங்கம்'. கையெழுத்து ஒன்றுபோலவே இருக்கிறது, அதற்கென்ன செய்வது. விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கெடு ஞாயிறு மாலை ஆறு மணி. இந்தக் கடைசி வரிகளை ஐந்து நாற்பதுக்குப் பூங்கா வாசலில் நின்று, உறையின் முதுகில் எழுதுகிறேன். பெட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இன்னொரு உறை கிடக்கிறது. மதிவதனியின் எழுத்து, நடுவில் புடைத்திருக்கிறது, உள்ளே கல் மாதிரி ஏதோ. நாளைக் காலை இரண்டுக்கும் அடுத்தடுத்த எண் போட வேண்டும். நீங்கள் பாரபட்சமில்லாமல் பார்ப்பீர்கள் என்று எனக்குப் பூரண நம்பிக்கை.

இதோ, போட்டுவிடுகிறேன். பெட்டியின் சாவி, எப்போதும்போல, என் அரைஞாண் கயிற்றில் பத்திரமாக இருக்கிறது.