எஸ்தர் கத்தாத கோயில்

பூந்தமல்லி பஸ்ஸில் அன்று ஒரு மண்டை உடையும் என்று நம்பி, டிபன் கேரியரைக் கேடயமாக முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். நின்றிருந்த அம்மாள் ஒருத்தி, என் முன்சீட்டு அம்மாள்மேல் அப்படிக் குனிந்தாள்.

“எஸ்தரு, நீ கத்தாம நம்ம கோயிலே செத்துப்பூட்ச்சி.”

“நீதானேக்கா பாடும்போது கத்தாதன்னு சொன்ன, அத்தினி பேர் முன்னால.”

“சொன்னேன். இப்போ போதகரு ஒண்டியா கீர்த்தனை பாடிக்கினு கீறாரு. ஒருத்தரும் வாயே தொறக்கல.”

“நல்லா வேணும்.”

“நாளைக்கு கோயில்ல ராப்போஜனம், கர்த்தரோட அப்பம். உன்கிட்ட சமாதானம் ஆவாம நான் எப்பிடி அந்தப் பந்திக்குப் போவேன்?”

குமணன்சாவடியில் பஸ் நின்று கிளம்பியது.

“நாளைக்கு இன்னா பாட்டு?” என்று கேட்ட எஸ்தர், பக்கத்து இடத்திலிருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா உட்கார்ந்தாள்.