கூரையைக் கழட்டுற காரு

அதெல்லாம் தொடைச்சுத்தான் வச்சிருக்காரு தம்பி, நீங்க ஏறுங்க. செருப்பை மட்டும் கழட்டிடுங்க. ஆமா, காருக்குள்ள ஏறத்தான். வீட்டுக்குள்ள சேத்துக்காலோட வந்தாக்கூட கண்டுக்க மாட்டாரு, இதுக்குள்ள ஒரு தூசி விழுந்துச்சு, அன்னைக்கு எனக்கு சோறு இறங்காது. சிரிங்க, சிரிங்க. கட்டிக்கிட்டவளுக்குத்தான தெரியும்.

அவரா? பேத்தியைக் கூட்டிட்டு கடைக்குப் போயிருக்காரு. காத்துல முடி பறந்து கண்ணுல விழுமாம், புள்ளைக்கு ஒரு தொப்பி வேணுமாம். நாளைக்குக் காலையில இந்த மேல் மூடியைக் கழட்டிட்டு, அவளைப் பக்கத்துல உட்கார வச்சு, மலைப்பாதையில போயிட்டு வரப் போறாங்களாம். ஆறு வயசுப் புள்ளை, தாத்தா சொன்னதை அப்படியே நம்பிட்டு குதியா குதிக்குது. எல்லாம் இப்ப உங்க கையிலதான் இருக்கு. ரூஃப் ஒழுங்கா உட்கார்ந்தா வண்டி கிளம்பும், இல்லேன்னா வாசலைத் தாண்டாது. அதுல மட்டும் மனுஷன் கறாரு.

நானும் அதைத்தான் கேட்டேன். கழட்டி டிக்கியில வைக்கப் போற மூடி எப்படி உட்கார்ந்தா என்னன்னு. ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க, பத்தாங்கிளாஸ் ஃபெயிலானவளைப் பார்க்கிற மாதிரி. வழியில மழை வந்தா என்ன பண்ணுவ, கோணலா மூடிட்டு நாலு பேரு பார்க்க ஊருக்குள்ள வருவியாங்கிறாரு. நாலு பேரும் இவரைப் பார்க்கத்தான் ரோட்டோரமா வரிசைகட்டி நிக்கிறான் பாருங்க!

சும்மா சொல்லக்கூடாது, வாழ்க்கையில ஒரு நாள் வேகமாப் போனதில்ல எங்க வீட்டுக்காரரு. பஸ் டிப்போவுல, எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு காகிதத்துல கட்டம் போட்டு எழுதுற வேலை. பஸ்ஸுல ஏறினாக்கூட கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவாரு. அந்த மனுஷன் ரிட்டயராகி வந்த பணத்துல, எவனோ ஓட்டிச் சலிச்ச காரை, அதுவும் ரெண்டே சீட்டு, அதுவும் கூரை கழண்டு வர்ற காரை வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. மிச்சப் பேரெல்லாம் எங்க உட்கார்றதுன்னு கேட்டேன். மிச்சப் பேரு பஸ்ஸுல வரட்டும்னாரு. இதுல பெருமை வேற.

என்ன, காகிதமா? இந்தாங்க, பழைய காலண்டர்த் தாள். ஓ, அதை இடுக்குல வச்சு மூடிட்டு இழுத்துப் பார்ப்பீங்களா? சுலபமா உருவிக்கிட்டு வந்தா ரப்பர் அழுத்தலைன்னு அர்த்தமா? பரவாயில்லையே. முன்னாடி வந்த மெக்கானிக்குங்க இதெல்லாம் பண்ணலை. முதல்ல வந்தவன் சுத்தியலை எடுத்தான், இவரு நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டாரு. ரெண்டாவது ஆளு ரொம்ப நேரம் தடவித் தடவிப் பார்த்துட்டு, கார் வடிவமே தப்புன்னான். அடுத்தவன் பாதி நேரம் ஃபோன்லயே இருந்தான். எல்லாருமே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. மறுநாளே பின்பக்கம் ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கும். என்ன வேலை பார்க்கிறானுங்களோ! ஒருத்தனையும் விட்டு வைக்கலையே நானு, ஃபோன் போட்டு நாற அடிச்சுட்டேன். நீங்களும் அந்த லட்சணம்தான்னு நினைச்சேன், கோவிச்சுக்காதீங்க.

தூக்கணுமா? நான் பிடிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் போங்க. ஒருத்தரா தூக்கினா முறுக்கிக்கும், எனக்குத் தெரியும். முன் கொக்கியை விட்டாச்சா? ம், இப்ப மேல. மெதுவா, உங்க பக்கம் இறங்குது. கம்பளி மேல வைங்க. பழக்கமான்னா கேட்கிறீங்க? வாங்கின புதுசுல ஞாயிற்றுக்கிழமைன்னா இதுதான வேலை. அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவாரு, மூணு சொல்றதுக்குள்ள தூக்கிடுவாரு. ஒரு காரியம் உருப்படியா பண்ணத் தெரியாது.

அந்தக் கொக்கி புதுசுதான், மாத்தினது. முதல்ல இருந்தது வளைஞ்சு போச்சு. அவரு பக்கம் மூடி சடார்னு இறங்கிடுச்சு. உடனே என்னைப் பார்த்து, ஏண்டி ஆட்டினன்னு ஒரே கத்து. நான் எங்க ஆட்டினேன்? ஆமாங்க நான்தான் ஆட்டிட்டேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்ல. தனியாளாவே மல்லுக்கட்டிட்டிருந்தாரு. ஒத்தாசைக்கு வரட்டுமான்னு கேட்டா போதும், மூஞ்சி தொங்கிடும்.

டீ சாப்பிடறீங்களா? வேலை முடியட்டுமா? சரி, உங்க இஷ்டம். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குள்ள முடிஞ்சுடுமா? இல்ல, அவசரம் ஒண்ணும் இல்ல. நிதானமாவே பண்ணுங்க. இன்னைக்கு முடியலேன்னாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நம்ம கையில இல்லாத விஷயமும் இருக்கு இல்லையா, பழைய வண்டி வேற.

ஓ. உட்கார்ந்துடுச்சா? நல்லாப் பார்த்தீங்களா? அந்த மூலையில காகிதம் இழுத்தீங்களா? கிழியுதே. தண்ணி அடிச்சுப் பார்க்கணும்னா பைப் அங்க இருக்கு. ஒரு சொட்டு இறங்கலையா? ம். கெட்டிக்காரருதான் நீங்க.

என்னத்தைப் பார்க்கிறீங்க? அந்த போல்ட்டா? துருவா இருக்கும். ஸ்பானர் போட்ட தழும்பா? வந்தவனுங்க போட்டிருப்பானுங்க. எனக்கென்ன தெரியும், நான் சமையக்கட்டுல இருக்கிறவ. ஆமா, வண்டி வெளிய போகலைதான், மழைக்காலத்துலேர்ந்து இங்கயேதான் நிக்குது. ஓடாத வண்டியில, முறுக்கி வச்ச போல்ட் தானா எப்படி இளகும்னா என்னைக் கேட்டா? அவரா? சேச்சே, அவருக்கு அதுக்கெல்லாம்...

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீங்க?

நான்தான். போதுமா? ஸ்பானர் அந்த அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்கு. ஒவ்வொருத்தனும் முறுக்கிட்டுப் போவான், இவரு குளிக்கப் போனதும் நான் வந்து இளக்கிடுவேன். முதல் தடவை எந்தப் பக்கம் திருப்பணும்னுகூட தெரியல, கை தோலு உரிஞ்சு போச்சு. பாவம், அந்த ஆளுங்க ஒழுங்காத்தான் பண்ணிட்டுப் போனாங்க. சுத்தியல் எடுத்தவன்கூட.

பைத்தியம்னு நினைக்காதீங்க. கடைசியா இதுல போனப்ப நானும் பக்கத்துல இருந்தேன். கூரை இல்லாம, காத்து மூஞ்சியில அடிச்சுது, மனுஷன் விசிலடிச்சுட்டு ஓட்டினாரு. ஒரு வளைவுல அவரு இடது கை ஸ்டியரிங்லேர்ந்து நழுவி மடியில விழுந்துடுச்சு. விழுந்ததே அவருக்குத் தெரியல தம்பி. எதுத்தாப்புல லாரி. நான்தான் எட்டிப் பிடிச்சுத் திருப்பினேன். கண்ணுல வெயில் அடிச்சுதுடின்னாரு. அன்னைக்கு வெயிலே இல்ல.

டாக்டர்கிட்ட போகாமலா? நரம்பாம். கொஞ்சம் கொஞ்சமா போகுமாம், போன பலம் திரும்ப வராதாம், வண்டி பக்கமே போகக்கூடாதாம். ரெண்டு பேரு காதுலயும்தான் விழுந்துச்சு. வெளிய வந்ததும் இவரு சொல்றாரு, அந்தப் பையனுக்கு இன்னும் மீசையே ஒழுங்கா முளைக்கல, அவன் என்னைச் சொல்ல வந்துட்டான்னு. அதோட சரி. அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவாரு. மக ஃபோன்ல கேட்டா, அப்பாவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்கிறாரு. கல்லுதான், மண்டை.

சாவியை ஒளிச்சுப் பார்த்தேன். வேற சாவி செஞ்சுட்டு வந்துட்டாரு. ஓட்டாதீங்கன்னு வாய்விட்டுச் சொன்னா, அதுக்காகவே எடுப்பாரு. ஆனா ரூஃப் கோணல்னா எடுக்க மாட்டாரு. நகக்கண்ணளவு இடுக்கு இருந்தாலும் சரி, தெருவுல இறக்கினா மானம் போயிடும் அவருக்கு. அந்த வறட்டு ஜம்பம் ஒண்ணுதான் எனக்குக் கிடைச்ச பிடி. அது மட்டுமில்ல, கோளாறு இந்த வண்டியிலன்னு இருக்கிறவரைக்கும், அது அவரு கையில இல்ல. மூடி சரியா மாட்டலைன்னா ரூஃபைத் திட்டுறாரு, கம்பெனிக்காரனைத் திட்டுறாரு, மெக்கானிக்கைத் திட்டுறாரு. ராத்திரி நல்லாத் தூங்குறாரு. இது நேரா உட்கார்ந்தப்புறமும் அவரால தூக்க முடியலேன்னா, யாரைத் திட்டுவாரு சொல்லுங்க?

எனக்கு பயமா இருக்கு தம்பி. நான் பக்கத்துல இருந்தா எட்டிப் பிடிப்பேன். அந்தப் புள்ளைக்குக் கை எட்டுமா?

வேலை தெரியாதவன்னு உங்களைச் சொல்லுவாரு. நானும் கூட சேர்ந்து சொல்லணும், வேற வழியில்ல. உங்க தொழிலுக்கு இதுல அவமானம்தான், எனக்குப் புரியாம இல்ல. முறுக்கினபடியே விட்டுட்டுப் போனாலும் நான் மறுபடி இளக்கிக்குவேன், ஆனா இன்னைக்கு சாயங்காலம் மக குடும்பமே வந்துடும், வீடு நிறைய ஆளு, புள்ளையும் என்னை விட்டு நகராது. அதான் கேட்கிறேன்.

நெசமாவா? நல்லாயிருங்க. அந்தப் பின்பக்கத்து போல்ட்தான். இன்னும் கொஞ்சம். ம், தூக்குது. போதும் போதும், ரொம்பக் கோணலானா சந்தேகம் வரும். துணியால தொடைச்சுடுங்க, விரல் தடம் தெரிஞ்சாக்கூட கேட்பாரு.

வாசல் கேட் திறக்கிற சத்தம், வந்துட்டாரு. நீங்க ஸ்பானரைக் கையிலயே வச்சுக்கிட்டு தலையைச் சொறிஞ்சுட்டு நில்லுங்க.

வாங்க, வாங்க! ஊர்லயே பெரிய மெக்கானிக்னு வரச் சொன்னீங்களே, லட்சணத்தைப் பாருங்க! காலையிலேர்ந்து உருட்டுறாரு, அதே கோணல். அவரைச் சொல்லி என்ன, காரு அப்படி. ஓட்டை டப்பாவைப் போயி தங்கம்னு வாங்கியாந்த ஆளைச் சொல்லணும். நாளைக்கு எல்லாருமா பஸ்ஸுலயே போவோம், நீங்கதான டைமெல்லாம் மனப்பாடமா சொல்லுவீங்க. என்ன முறைக்கிறீங்க? அந்தப் பையை இப்படிக் குடுங்க. பெரிய பயில்வான், ரெண்டு பையையும் ஒரே கையில தூக்கிட்டு வர்றாரு. குடுங்கங்கிறேன்ல.