ஏனுங்கன்னு கூப்பிடாத நாள்

— என்ன அன்பு, வாயத் தொறக்கக் கூடாதுங்கற சட்டம் எனக்குத்தானே? நீ எதுக்கு உம்முன்னு உக்காந்திருக்கறே?

— வேல செய்யறேனுங்க. நீங்க பொறத்தால உக்காந்து பாத்துட்டு மட்டும் இருங்க. சொல்லிக் குடுக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. உங்க சட்டந்தானே?

— ஆமா. நீ ‘ஏனுங்க’ன்னு கூப்புட்டா, அந்த எடத்துல, கம்ப்யூட்டர ஓட்ட நாங்க பண்ணுன லினக்ஸ் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். தப்பு எங்களுது, உன்றது இல்ல.

— கண்ணாலம் பண்ணுன காலத்துல இருந்து இதையேதான் சொல்லறீங்க. அடுத்தது என்னங்க?

— தேங்கா மண்டி பில்லு.

— எடுத்துப் பிரிண்டும் போட்டாச்சு.

— பிரிண்டா? பிரிண்டர் எங்க இருக்குதுன்னே உனக்குத் தெரியாதே?

— இன்னைக்குத் தெரிஞ்சுது.

— சித்த நிதானமாப் பண்ணு அம்மணி. அவசரம் ஒண்ணுமில்ல.

— அப்பறம்?

— போன்ல இருக்கற போட்டோவக் கம்ப்யூட்டர்ல ஏத்தோணும். போன வாட்டி உன்ற அக்கா ஊட்டுச் சீர் போட்டோ பூராத்தையும் தொலச்சுப்போட்டே, ஞாபகம் இருக்குதா?

— இதா, வந்துருச்சு பாருங்க.

— அதுக்குள்ளயா? ஒரு டீ குடிச்சுட்டு வந்து மிச்சத்தப் பாக்கலாமா?

— இப்பத்தானே குடிச்சீங்க. நானே போட்டுக் குடுத்தேன்.

— எங்க குழுவுல நீ எத்தன பெரிய ஆளுன்னு தெரியுமா? கம்ப்யூட்டர் படிச்சவன் நூறு பேரு செரின்னாலும் குழுவ நடத்தற சாய்ப்ரியா ஒத்துக்க மாட்டா. ‘அன்புக்கு வந்துருச்சா?’ம்பா. உனக்கு வந்தாத்தான் புது பதிப்ப வெளிய உடுவோம்.

— சந்தையில மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி.

— அட, அப்புடி இல்ல. லினக்ஸுன்னாலே படிச்சவங்களுக்குன்னு சனம் ஒதுங்குது. நீ ஃபைலத் தொலச்சதாலதான் தேடற பெட்டிய மேல கொண்டாந்தோம். நீ மூடப் பயந்ததாலதான், மூடுனாலும் எழுதுனது அழியாதுன்னு பண்ணுனோம். இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஆயா கூடத் தைரியமாத் தொடறாங்கன்னா, அது உன்னால.

— என்னாலன்னு சொல்லாதீங்க.

— ஏன்?

— சும்மாதாங்க. மெயிலும் அனுப்பியாச்சு. உங்க போன்ல வந்திருக்கும்.

— வந்துருச்சு.

— அவ்வளவுதானே? ஒருக்கா கூடக் கூப்புடல.

— கூப்புடல.

— அப்பச் சாய்ப்ரியாகிட்டச் சொல்லீருங்க. வெளிய உடட்டும்.

— நாளைக்கு இன்னொருக்காப் பாத்துட்டு...

— வேண்டாங்க. ரெண்டு ஊட்டுப் பெரியவங்க முன்னால என்ன பேசுனோம்? ‘ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசறதுக்கே ஒண்ணுமில்லாமப் போச்சு, பிரிஞ்சுக்கறோம். இந்தப் பதிப்பு முடியற வரைக்கும் மாடியில இருந்துக்கறேன், முடிஞ்சதும் கோயமுத்தூர் போயிடறேன், அப்பறம் கோர்ட்டுல கையெழுத்து’ன்னீங்க. நானும் செரின்னேன். இப்ப முடிஞ்சுபோச்சு.

— இப்பவே சொல்லோணுமா?

— என்ற முன்னாலயே சொல்லுங்க.

— அலோ, சாய்ப்ரியா. ஆமா. அன்புக்கு வந்துருச்சு. இல்ல, நெசமாத்தான், ஒருக்கா கூடக் கூப்புடல. ம்... உட்டுருங்க. வெச்சர்றேன்.

— உட்டாச்சுங்களா?

— உட்டாச்சு. இனி திருப்பி வாங்க முடியாது.

— நல்லதுங்க. உங்க துணியெல்லாம் தேச்சு மடிச்சு வெச்சுட்டேன்.

— அன்பு, ஒண்ணு கேக்கறேன். போட்டோ ஏத்தறப்ப மவுஸையே தொடல நீ. ரெண்டு பட்டனச் சேத்து அமுக்கி அத்தனையும் ஒரே வாட்டியில அள்ளிட்டே. அந்த வழிய நான் உனக்குக் காட்டவே இல்லையே.

— மண்டியில யாரோ சொன்னாங்க.

— மண்டியில எவன் லினக்ஸ் வெச்சிருக்கறான்?

— செரி, யாரும் சொல்லலைங்க. எனக்கு எல்லாமே வரும். எப்பவோ வந்துருச்சு. பிரிண்டர் எங்க இருக்குதுன்னு தூக்கத்துல கூடச் சொல்லுவேன். நான் ‘ஏனுங்க’ன்னா நீங்க மாடியில இருந்து எறங்கி வருவீங்க, பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காருவீங்க. வேற எதச் சொல்லி உங்களக் கூப்புடறதுன்னு எனக்குத் தெரியல.

— அப்பறம் இன்னைக்கு எதுக்குடி எல்லாத்தையும் செரியாப் பண்ணுனே?

— நேத்து சாய்ப்ரியாகூடப் போன்ல சிரிச்சீங்க. படியில நின்னு கேட்டேன். இந்த ஊட்டுல அந்தச் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு! போகப்போற சந்தோசம்னு தெரிஞ்சுது. ஒரு மனுசன எத்தன நாளைக்குத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சுக் கட்டி வெக்கறதுங்க?

— ‘அன்பு இன்னைக்கும் தப்பாப் பண்ணிப்போட்டா’ன்னு சொன்னேன், ‘ஐயோ, இன்னும் ஒரு மாசம் தள்ளிப்போயிருமா’ன்னு அவ பொலம்புனா. அப்ப நானும் இன்னும் ஒரு மாசம் இங்கதான்னு சிரிச்சேன், கண்ணு.