பாறையில் ஒரு காலடி

எரிமலையா? இல்லக்கா. யாரு சொன்னது, முன்னாடி மைக் புடிச்சிட்டு நிக்கறாரே, அவரா? அவரு காலையிலேருந்து கறுப்பா எது தெரிஞ்சாலும் எரிமலைங்கறாரு. அது சாதாரண குன்று. கடல் காத்து அரிச்சு அரிச்சு அப்படி ஆயிருக்கு. அதுக்குப் போய் நீங்க ஏழு போட்டோ எடுத்துட்டீங்க. பரவால்ல, குன்றுன்னு பேர் போட்டு வெச்சுக்கோங்க.

உங்க வீட்டுக்காரரை எழுப்பாதீங்க, சார் தூங்கட்டும். அந்த மணல்மேட்டுல ஏறி இறங்கினதுல ஆளு ஓஞ்சு போயிட்டாரு. கடைசி எடத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. நடுவுல ஒரு அலையாத்திக் காடு வரும், உங்க பக்க ஜன்னல்லதான் தெரியும். அங்க நிறுத்த மாட்டாங்க. இந்தக் கடற்கரை முழுக்க பாக்க வேண்டிய எடம் அது ஒண்ணுதான், அதனால நிறுத்த மாட்டாங்க.

நான் சண்டைக்காரியா? கோட்டையில பேசினத சொல்றீங்களா? அது சண்டை இல்லக்கா, கேள்வி. இந்தச் சுரங்கம் அரண்மனை வரைக்கும் போகுதுன்னாரு அந்த மைக் ஆளு. அரண்மனை எங்கன்னு கேட்டேன். கடலுக்குள்ள போயிடுச்சுன்னாரு. அரண்மனை போச்சு, சுரங்கம் மட்டும் போகலையான்னு கேட்டேன். இதுல சண்டை எங்க வந்துச்சு? அது மழைத்தண்ணி வெளிய போக வெட்டின கால்வாய். குனிஞ்சு பாத்தா அந்தப் பக்கம் ஆடு மேயறது தெரியுது. கலங்கரை விளக்கத்துல நான் வாயே தொறக்கல, கவனிச்சீங்களா? அங்க பலகையில போட்டிருந்த வருஷம் சரியா இருந்துச்சு. சரியா இருந்தா நான் எதுக்குப் பேசப் போறேன்.

ம், வரலாறுதான் படிக்கறேன். மூணாவது வருஷம். முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கா?

ஆமா, அடுத்தது அதான். பொண்ணு குதிச்ச பாறை. நீங்க அதுக்காகவே வந்தீங்களா? போன்ல படிச்சிட்டு அழுதீங்களா? சரி. நானும் அதுக்காகத்தான் வந்தேன், ஆனா அழறதுக்கு இல்ல. அங்க ஒரு வழிகாட்டி கதை சொல்லுவாரே, அந்த ஆளை இன்னிக்கு எல்லார் முன்னாடியும் இது பொய்யின்னு ஒத்துக்க வைக்கப் போறேன். ஆமாக்கா, நெசமாத்தான். வேற எதுக்கு இந்த வெயில்ல நாள் முழுக்க பஸ்ல உக்காந்து எரிமலைக் கதை கேட்டுட்டு வரப் போறேன்?

ஏன்னா அந்தப் பாறையிலேருந்து மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் யாருமே குதிக்கல.

ஆயிரம் வருஷக் கதைன்னு பலகை வெச்சிருக்காங்க, தெரியும். பலகைக்கு அடிச்ச பெயிண்டுக்கு வயசு ரெண்டு. அதுக்கு முன்னாடி அதுக்குப் பேரே கெடையாது. மேல ஒரு குழி இருக்கும். பழைய காலத்துல கப்பலுக்கு அடையாளம் காட்டக் கொடிக்கம்பம் நட்ட குழி. அந்த வழிகாட்டியே அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. அப்பல்லாம் முக்கால்வாசி உண்மையத்தான் சொல்லுவாரு, மீதிய பக்கத்துல இருக்கறவங்க திருத்துவாங்க. யாரும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டாங்க. இப்ப பாருங்க, அந்தக் குழி ஒரு பொண்ணோட காலடி ஆயிடுச்சு. குதிக்கறதுக்கு முன்னாடி வலது கால ஊனின எடமாம். பாறையில பதியற அளவுக்கு ஒருத்தி கால ஊனினா அவ குதிக்கவா போறா? அங்கயே நிக்கறதுக்குத்தான அவ்ளோ அழுத்துவா?

முழுக் கதையும் படிச்சீங்களா? ராஜாவுக்கு ஒரே பொண்ணு. வாய் அடங்காத பொண்ணு. அப்பா எது சொன்னாலும் நாலு பேர் முன்னாடி தப்பு தப்புன்னு சொல்லுமாம். ஒருநாள் வெளியூர் விருந்தாளிங்க எதிர்லயே சொல்லிடுச்சாம். ராஜாவுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. இவ்ளோ தெரிஞ்சவளுக்கு இங்க என்ன வேலை, போ அப்படின்னுட்டாராம். பொண்ணு நேரா பாறைக்கு வந்துடுச்சாம். அப்புறம் ராஜா தெனமும் சாயந்திரம் அங்க வந்து நின்னாராம்.

ராஜாவுக்கு வேற வேலை இல்லையான்னு விட்டுடலாம். எனக்குப் பொறுக்காதது வேற. போன்னு சொன்னா சாகணுமாக்கா? போகலாம்ல? ஒரு பையில நாலு துணிய அடைச்சுட்டு, பஸ்ஸ புடிச்சு, ஹாஸ்டல்ல எடம் வாங்கிப் படிக்கலாம்ல? சரி, ராஜா காலத்துல பஸ் இல்ல. வண்டி கட்டிட்டுப் போகட்டும். இந்த எதுத்துப் பேசற பொண்ணுங்கள மட்டும் கொண்டு போய் ஏன் தண்ணியிலயே தள்ளறாங்க? ஏன்னா அந்த அப்பாவுக்கு அதான் வசதி. உயிரோட இருந்தா திரும்பி வந்து மறுபடியும் தப்புன்னு சொல்லும். செத்துப் போச்சுன்னா நிம்மதியா அழுதுட்டிருக்கலாம்.

இதோ, இதோ, அலையாத்திக் காடு. அந்த வேரப் பாருங்க, தண்ணிக்கு மேல முட்டி மடக்கி நிக்கற மாதிரி... போயிடுச்சு. நான்தான் சொன்னேனே.

வயித்துப் பொழப்பா? பொழைக்கட்டும், யாரு வேணாம்னா? வேற யாரையாவது குதிக்க வெச்சுப் பொழைக்கட்டும்.

அந்த வழிகாட்டி அழறதா? ம். கடைசில கண்ணத் தொடைப்பாரு, அந்த வீடியோவ நானும் பாத்தேன். நடிப்புன்னுதான் நெனச்சேன். எங்க ஹாஸ்டல் ரூம்ல மத்த மூணு பேரும் உக்காந்து அழுதாளுங்க. அதுல ஒருத்தி, எப்படிப்பட்ட அப்பா பாருடின்னு என்கிட்டயே சொல்றா. நான் அன்னிக்கு அவகிட்ட பேசல. நடிக்கறவரு ஒரே எடத்துலதான அழணும், இவரு ஒவ்வொரு வீடியோவுலயும் ஒவ்வொரு எடத்துல அழறாரு. ஒண்ணுல பொண்ணு தப்புன்னு சொல்ற எடத்துலயே அழுதுட்டாரு. அது கதைப்படி சிரிக்க வேண்டிய எடம்.

இன்னொண்ணு இருக்கு, அதை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. ஒரு வீடியோவுல கதை முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க, எடுத்தவங்க கேமராவ நிறுத்த மறந்துட்டாங்க. அந்த ஆளு தனியா குனிஞ்சு உக்காந்து, குழிக்குள்ள காத்துல வந்து விழுந்த மணல கையால வழிச்சு வழிச்சு வெளிய போடறாரு. சுத்தமா வழிச்சதும் எழுந்து கைய வேட்டியில தொடைச்சுக்கறாரு. யாரும் பாக்காதப்ப ஒருத்தர் எதுக்கு நடிக்கணும், சொல்லுங்க. மத்த எல்லாத்துக்கும் நான் கேள்வி வெச்சிருக்கேன். இதுக்கு இல்ல.

கேக்காம எப்படிக்கா இருக்கறது? கேக்கத்தான் போறேன். கொரல் நடுங்காம கேக்கணும், அவ்ளோதான். ஹாஸ்டல் மாடியில நின்னு சொல்லிப் பாத்தேன், நல்லாத்தான் வந்துச்சு. அழணும்னா போன்ல கூப்பிட்டு அழலாம்ல? நம்பர் மாத்தவே இல்லையே. சும்மா பொதுவா சொல்றேன்.

நிறுத்திட்டாங்க. சாரை இப்ப எழுப்புங்க. கேமரா மூடி சீட்டுக்கு அடியில விழுந்திருக்கு பாருங்க. ஆமா, அந்த வழிகாட்டி அவருதான். கொடை புடிச்சிட்டு, கழுத்துல துண்டு போட்டுட்டு. வீடியோவுல இருந்தத விட எளைச்சிருக்காரு.

நீங்க முன்னாடி போங்க, நான் வரேன். காலடிய காட்டினாருன்னா நல்லா கவனிச்சுப் பாருங்க, ஒன்பதாம் நம்பர் செருப்பு தாராளமா உள்ள போகும். எனக்கு அஞ்சாம் நம்பர்தான். அது அவருக்கே தெரியும்க்கா, ஸ்கூல் முடிக்கற வரைக்கும் எனக்குச் செருப்பு வாங்கிட்டு வந்தது எங்க அப்பாதான். ஒரு தடவ கூட அளவு தப்பினதில்ல.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க, எறங்குங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. செருப்ப கழட்டிட்டுத்தான் பாறை மேல ஏறணும்னு வேற சட்டம் போட்டிருக்காரு. நல்லதாப் போச்சு. என் கால அந்தக் குழியில வைக்கறேன். சுத்தி எவ்ளோ எடம் மீதி இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்.